அலமாரிக்குப் பின்னால் இருந்த கட்டைகள்

வாசல் கதவில் ஒட்டியிருந்த அசெனின் முகத்தை நெவெனா சமையலறைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

லேசில் வரவில்லை. ஒரு நினைவுச் சுவரொட்டியைச் சுரண்டினால் அடியில் இன்னொன்று. முதலாம் ஆண்டு நினைவு, அதற்கடியில் ஆறாம் மாதம், அதற்கும் அடியில் நாற்பதாம் நாள். எல்லாவற்றிலும் அதே படம், அதே சிரிப்பு.

"அண்ணி! கொஞ்சம் வெந்நீர் கொண்டாங்களேன். எங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே யார் சொன்னாலும் நகர மாட்டான். இப்ப மட்டும் நகர்ந்துடப் போறானா?"

தெமெனுகா கெட்டிலோடு வந்தாள். கதவைப் பார்க்காமல் நாத்தனாரின் கையில் கொடுத்துவிட்டு, படியில் விழுந்து கிடந்த காகிதத் துணுக்குகளைப் பெருக்கிக் குவித்தாள்.

"குப்பையில போட்டுடாதீங்க அண்ணி." நெவெனாவின் குரல் தணிந்தது. "அடுப்புல போட்டுடலாம்."

பிரின் மலைக்குக் கீழே இருக்கும் அந்த ஊரில் செத்தவர்களின் படம் ஒட்டாத கதவு குறைவு. மின்கம்பத்தில், ரொட்டிக்கடைச் சுவரில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் அவர்கள்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அவர்களைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் போன வாரம் தலைநகர் சோபியாவிலிருந்து வந்த பயண ஏஜென்சிப் பெண்மணி, அறைகளையும் போர்வைகளையும் பீன்ஸ் சூப்பையும் மெச்சிவிட்டு, கிளம்பும்போது கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கதவுல இருக்கறதை மட்டும் எடுத்துடுங்க. லீவுக்கு வர்றவங்க, பாருங்க."

முகத்தை எடுத்துவிட்டால் இவர்கள் ஹோட்டலுக்குச் சுற்றுலாப் பயணிகளின் பஸ் வரும். டிசம்பரில் முதல் பஸ்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரிக் காலையில், ஹோட்டலுக்கு மேலே இருக்கும் வெள்ளைச் சரிவில் பனி இடிந்து இறங்கியது. தினமும் விடியலில் அந்தச் சரிவில் சறுக்கிவிட்டு வந்துதான் அசென் காப்பி குடிப்பான். அன்று அவன் வரவில்லை. தேடப் போன மீட்புக் குழுவின் மேல் இரண்டாவது முறையும் பனி இடிந்தது. அதில் வாஸ்கோ செத்துப்போனான். வாஸ்கோ, இவர்களுடைய எலித்சா ஹோட்டலின் சமையல்காரி குனாவின் ஒரே பிள்ளை; அசெனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். வாஸ்கோவின் உடல் கிடைத்தது. அசெனுடையது கிடைக்கவில்லை. அவன் கல்லறையில் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுதான் இருக்கிறது.

போன குளிர்காலம் முழுக்க ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. இந்த வருஷம் திறந்தே தீருவேன் என்று தெமெனுகா சொன்னபோது மாமனார் ஸ்பாஸ் நாள்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. கடைசியில், "உன் இஷ்டம்மா" என்றார். சோபியாவில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்த நெவெனா லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். குனா தன் கத்திகளோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

இன்று இறந்தோர் சனிக்கிழமை. பொழுது விடிந்ததும் தெமெனுகாவும் குனாவும் கல்லறைக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் கலந்து, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஒரு பிடி வைத்தார்கள். மண்ணில் திராட்சை மது ஊற்றினார்கள். வாஸ்கோவின் கல்லைத் துடைத்து முடித்த குனா, எழுந்து வந்து அசெனின் கல்லையும் அதே துணியால் துடைத்தாள்.

"நீ எழுந்துக்கோ கண்ணு, மண்ணு ஈரம்" என்றாள். "நம்ம ரெண்டு பேரையும் ஒரே மலை தின்னுடுச்சு. பாதிப் பாதியா அழுதுக்குவோம்."

தெமெனுகாவால் பாதி அழ முடிந்ததில்லை. அந்த பிப்ரவரிக் காலைக்கு முந்தின ராத்திரி, இந்த ஹோட்டலை விட்டு எங்காவது போய்விடலாம் என்று அசென் மறுபடி ஆரம்பித்தபோது, அவள் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போறதுன்னா நீ போ" என்று சொல்லியிருந்தாள். அதுதான் அவன் காதில் விழுந்த அவளுடைய கடைசிப் பேச்சு. கோபத்தோடு மலை ஏறினவன் பனியைக் கவனித்திருக்க மாட்டான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குனாவிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்து மூடியிருக்கிறாள்.

காலையில் பாய்லரைப் பற்றவைத்ததிலிருந்து குழாய்களில் வெந்நீர் ஏற ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய் ரேடியேட்டரின் திருகைத் தளர்த்தி, அடைபட்ட காற்றை வெளியே விட்டாள் தெமெனுகா. காற்று சீறிக்கொண்டு வந்தது. அவள் முதல் மாடியில் இருந்தபோது இரண்டாம் மாடியில் டக், டக், டக் என்று யாரோ நடந்தார்கள். கனமான பூட்ஸ் போட்ட நடை. வலது கால் கொஞ்சம் அழுத்தமாக.

குழாய்தான். இரும்பு சூடானால் சத்தம் போடும். அது அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும் மாடிப்படியடியில் நின்று, "அசென்?" என்றாள்.

நடை நின்றது.

"யாரைக் கூப்பிடறீங்க?" பின்னால் நெவெனா. கை நிறைய கறுப்புப் பசை.

"யாரையும் இல்ல. மெத்தை எல்லாம் தட்டியாச்சா?"

"தட்டியாச்சு, உதறியாச்சு, தும்மியாச்சு. அண்ணி, மத்தியானம் தச்சர் வர்றார். பூட்ஸ் காயவைக்கிற சட்டத்தை எங்கே அடிக்கறதுன்னு கேட்பார். கட்டை அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கு."

பனிச்சறுக்குக் கட்டைகளை வைக்கும் அறை தரைக்குக் கீழே இருந்தது. சாவி ஸ்பாஸிடம். "நானே ஒழிச்சுத் தர்றேன், நீங்க அதுல கை வைக்காதீங்க" என்று வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் இடுப்பு வலி. அப்புறம் விறகு அடுக்க வேண்டும். அப்புறம் புகைபோக்கி. இன்று காலை கல்லறைக்கென்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் இன்னும் வரவில்லை.

"மாமா வரட்டுமே."

"அப்பா வந்து கீல் வாதம்னு உட்காருவார். தச்சர் திரும்பிப் போனா அடுத்த மாசம்தான் வருவார். நீங்க நகருங்க." நெவெனா கையில் கடப்பாரை இருந்தது. "பல் பிடுங்கற இடத்துல சும்மாவா நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன்."

பூட்டு இரண்டாவது நெம்பலில் தெறித்தது.

உள்ளே மெழுகு வாசனை. கட்டைகளுக்கு அடியில் தேய்க்கும் மெழுகு. அசெனின் சட்டையில், தலைமுடியில், ரொட்டி பிய்க்கிற விரல்களில் எப்போதும் இருந்த வாசனை. தெமெனுகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மேல போங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம். பெருக்கு."

வாடகைக் கட்டைகள் வரிசையாக நின்றன, ஒட்டடை பிடித்து. இருவரும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே சாய்த்தார்கள். எதிர்ச்சுவரோரம் நின்ற உயரமான தகர அலமாரியை நகர்த்தினால்தான் சட்டத்துக்கு இடம் கிடைக்கும். தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். தரையை உரசிக்கொண்டு அது திரும்பியபோது, அதற்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்த ஏதோ ஒன்று மெதுவாகச் சரிந்து நெவெனாவின் காலடியில் விழுந்தது.

ஆட்டு ரோமக் கம்பளியில் சுற்றி, கயிற்றால் கட்டிய நீளமான மூட்டை.

"அப்பாவோட துப்பாக்கியா?" நெவெனா உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

கட்டைகள். நீல நிறம். இடது கட்டையின் நுனியில் ஒரு கீறல். கீறலை மறைக்கச் சிவப்பு நகப்பூச்சு.

அந்த நகப்பூச்சு தெமெனுகாவுடையது. கல்யாணமான முதல் வருஷம், சமையலறை மேஜையில் கட்டையை வைத்துக்கொண்டு அவளேதான் பூசினாள். அவன் பின்னால் நின்று, "எனக்கும் ஒரு விரலுக்குப் போட்டு விடு" என்று வம்பு பண்ணினான். அவனிடம் வேறு கட்டைகள் கிடையாது. அந்த பிப்ரவரிக் காலையில் இவை அவன் காலில் இருந்தன. இரண்டு குளிர்காலமாக இவை அவனோடு பனிக்கடியில் இருந்தன. அப்படித்தான் அவள் ஒவ்வொரு ராத்திரியும் அவனை நினைத்துக்கொண்டாள்.

கம்பளியின் கடைசி மடிப்பிலிருந்து பூட்ஸ் ஜோடி உருண்டது. உள்ளே மடித்து வைத்த சாக்ஸ்.

மேலே குழாய் மறுபடி நடக்க ஆரம்பித்தது.

"அப்பா சரியாப் பார்த்திருக்க மாட்டார்" என்றாள் நெவெனா. அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. "அன்னைக்கு இருந்த பதற்றத்துல..."

"மீட்புக் குழுத் தலைவர் கேட்டார்" என்றாள் தெமெனுகா. "நான் முற்றத்துலதான் இருந்தேன். ‘அவன் கட்டை கீழ இருக்கான்னு பாரு ஸ்பாஸ். இருந்துச்சுன்னா நாங்க ஏற வேண்டாம்’னார். மாமா கீழ போனார். வந்தார். ‘இல்ல’ன்னார்."

"கண்ல படாம..."

"கம்பளி தானாவா சுத்திக்கிச்சு நெவெனா? கயிறு?"

நெவெனா பூட்ஸைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். திடீரென்று அவள் முகம் மாறியது.

"அப்படின்னா அவன் மலைக்கே போகல." எழுந்து நின்றாள். "அண்ணி! எங்கண்ணன் மலைக்கே போகல! உயிரோட இருக்கான்!" சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாக அழுதாள், பசை ஒட்டிய கையால் அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

தெமெனுகா கட்டைபோல நின்றாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். அதற்குப் பதிலாக நினைவுக்கு வந்தது, இன்று காலை அசெனின் கல்லைத் துடைத்த குனாவின் அந்த ஈரத் துணிதான்.

ஸ்பாஸ் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். தொப்பியில் ஈரம். கையில் காகிதப் பை. யாரோ கல்லறையில் கொடுத்த கோதுமை.

"எடுத்துக்குங்கம்மா" என்று பையை நீட்டினார். "கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

இறந்தவர் பெயரில் எதைக் கொடுத்தாலும் அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வாங்குகிறவரும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

தெமெனுகா கையை நீட்டவில்லை. "எதுக்கு மாமா மன்னிக்கணும்?"

அப்போதுதான் அவர் வரவேற்பு மேஜையைப் பார்த்தார். நீளக் கட்டைகள் இரண்டும் அதன் மேல் கிடந்தன. பக்கத்தில் பூட்ஸ்.

அவர் பையின் வாயை மடித்தார். ஒரு மணி கோதுமைகூடச் சிந்தாமல், நிதானமாக, நாற்காலியில் வைத்தார்.

"பூட்டை உடைச்சிட்டீங்களா? கேட்டிருந்தா சாவி குடுத்திருப்பேனே."

"மூணு வாரமாக் கேட்டேன்."

"ஆமா" என்றார். "கேட்டே."

நெவெனா பொறுக்க முடியாமல் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணன் எங்கேப்பா? எங்கே இருக்கான்? சொல்லுங்க!"

ஸ்பாஸ் மருமகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"நான் கீழ இறங்கினப்ப சுவத்துல சாய்ஞ்சு நின்னுதும்மா. பூட்ஸ் பக்கத்துல. ஆணியில அவன் பை இல்ல. முந்தின நாள் என்கிட்ட சொன்னான், ‘போறேம்ப்பா, இந்தச் சுவத்துக்குள்ளயே நான் செத்துடுவேன்’னு. நான் சிரிச்சேன். நிஜமாப் போறவன் சொல்லிட்டா போவான்னு நினைச்சேன். அந்தக் கட்டையைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு. கீழ் ரோட்டுல முதல் பஸ்ஸைப் பிடிச்சுட்டான்."

"தெரிஞ்சும் ‘இல்ல’ன்னீங்க."

"முற்றத்துல ஊரே நிக்குது. பாதிரியார் நிக்கறார். நீ தரையில உட்கார்ந்து கத்தறே. நான் போய் என்னன்னு சொல்றது? என் மகன் பனியில மாட்டல, என்னைப் பிடிக்காம, உன்னையும் விட்டுட்டு, திருடன் மாதிரி ஓடிட்டான்னா?" அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "காத்து பலமா இருந்துது. கொஞ்ச நேரம் தேடிட்டு இறங்கிடுவாங்க, எல்லாரும் கலைஞ்சதும் தலைவர்கிட்ட தனியாச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். கொஞ்ச நேரம்தான் நினைச்சேம்மா. கம்பளியைச் சுத்தி ஓரமா வெச்சேன். மேல வந்து வாசல்ல நின்னேன். அப்ப மலை மறுபடி சத்தம் போட்டுது. வாஸ்கோ..."

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க. நீங்க சொல்லாதீங்க மாமா."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அசென் எங்க இருக்கார்?"

"ஸ்பெயின்ல. தக்காளித் தோட்டத்துல. அந்த ஈஸ்டர் முடிஞ்சு போன் பண்ணான். ‘நல்லா இருக்கேம்ப்பா, தெமெனுகாகிட்ட குடுங்க’ன்னான்."

தெமெனுகாவின் கை கட்டையின் மேல் இருந்தது. விரல்கள் அந்தச் சிவப்புக் கீறலைத் தடவின.

"நான்தான் சொன்னேன். ‘பனியில போயிட்டேன்னு ஊரே நினைச்சுட்டுது. நீ இங்கே செத்துட்டடா, செத்தவனாவே இரு. அவ அழுது முடிச்சுட்டா, மறுபடி அழ வைக்காதே’ன்னேன். வேற ஒண்ணும் பேசல. வெச்சுட்டேன். அப்பப்ப கூப்பிடுவான். குரல் கேட்டதும் வெச்சுடுவேன்."

அழுது முடித்துவிட்டாளாம். யார் அளந்து பார்த்தார்கள்?

மாடியில் டக், டக் என்றது. இந்த முறை அது வெறும் இரும்பாகத்தான் கேட்டது. தெமெனுகாவுக்கு அதில் ஒரு கணம் பயமே வந்தது. இத்தனை நாள் இந்த வீட்டில் அவளோடு யாரோ இருந்தார்கள். இப்போது யாருமில்லை.

அவள் கட்டைகளைத் தூக்கித் தோளில் சாய்த்தாள்.

"எங்கே போறீங்க?" நெவெனா குறுக்கே வந்தாள். "அண்ணி, வேண்டாம். இப்ப வேண்டாம்."

"நகரு."

"யோசிங்க! குனா பெரியம்மா இதைத் தாங்குவாங்களா? அவங்க போயிட்டா யார் சமைப்பா? அதை விடுங்க, ஊருக்குத் தெரிஞ்சா? மீட்புக் குழுக்காரங்க ஒருத்தன் இந்தப் படியில கால் வைப்பானா? பஸ் வரட்டும். சீசன் போகட்டும். ஏப்ரல்ல நானே உட்கார வெச்சு பக்குவமாச் சொல்றேன். சத்தியமா."

"ஏப்ரல் வரைக்கும் அவங்க ஆக்கிப் போடுவாங்க. நாம உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்படித்தானே?"

நெவெனா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து உதவி வரவில்லை. வழியை விட்டாள்.

சமையலறையில் புளித்த முட்டைக்கோஸ் வாசனை. குனா பெரிய பீப்பாயின் அடிக்குழாயில் ரப்பர் குழாயை மாட்டி உப்புத் தண்ணீரை வாளியில் பிடித்து, மேலே மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்து ஊறுகாய். அப்படித் தினமும் மாற்றி ஊற்றினால்தான் கெடாமல் இருக்கும். மேஜையில் பீன்ஸ் அடைத்த காய்ந்த மிளகாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"கட்டையை ஏண்டி சமையலறைக்குள்ள கொண்டாறே? இப்பத்தான் தரையைத் துடைச்சேன்..."

குனாவின் பேச்சு அறுந்தது. வாளியைக் கீழே வைத்தாள்.

"இது அசெனோடதாச்சே."

"ஆமா பெரியம்மா."

"சிவப்புக் கோடு... இதை வாஸ்கோகூட ஒரு நாள் கடன் வாங்கிட்டுப் போனானே." பக்கத்தில் வந்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல நுனியைத் தொட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "மலை குடுத்துடுச்சா? எப்ப? யார் எடுத்துட்டு வந்தது? கண்ணு... அவன் உடம்பும் கிடைச்சுதா? நீயும் உன் புருஷனைப் பக்கத்துல வெச்சு அழலாம் இனிமே. கிடைச்சுதாம்மா?"

தெமெனுகா தோளிலிருந்து கட்டைகளை இறக்கினாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மலையில இல்ல பெரியம்மா. கீழ இருந்துது. கட்டை அறையில. அலமாரிக்குப் பின்னால கம்பளி சுத்தி."

"அலமாரிக்குப் பின்னாலயா?"

"அசென் அன்னைக்கு மலை ஏறவே இல்ல. பஸ் ஏறிப் போயிட்டார். ஸ்பெயின்ல இருக்கார். எனக்கு இப்பத்தான் தெரியும். மாமாவுக்கு அன்னைக்கே தெரியும். கட்டையைப் பார்த்துட்டுத்தான் இல்லன்னு சொன்னார்."

பீப்பாய்க் குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. வாளி நிறைந்து தரையில் வழிந்தது. குனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து குழாயை மூடினாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"அப்படின்னா" என்றாள், "என் புள்ள அங்கே யாரைத் தேடினான்?"

தெமெனுகா கட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ராத்திரி வேலை முடிச்சுட்டு வந்து படுத்திருந்தான். அசென்னு பேரைக் கேட்டதும் சாப்பிடாம ஓடினான். தட்டுல முட்டையை அப்படியே வெச்சுட்டுப் போனான். யாரைத் தேடினான் தெமெனுகா?"

வாசலில் நிழல் விழுந்தது. ஸ்பாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நெவெனா. அவர் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

குனா கத்தவில்லை. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள்.

"என் புள்ள போனதிலேர்ந்து இந்தாளு என் வீட்டு வாசல்ல விறகு இறக்கிட்டுப் போறார்" என்று தெமெனுகாவிடம் சொன்னாள், அவர் அங்கே இல்லாததுபோல. "பெரிய மனசுன்னு நான் ஊரெல்லாம் சொன்னேன்."

"குனா..." என்றார் ஸ்பாஸ்.

"நம்பர் இருக்கா?"

அவர் கோட்டுப் பையிலிருந்து கனமான பழைய செல்போனை எடுத்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். மேஜையில், மிளகாய்களுக்கு நடுவே வைத்தார்.

தெமெனுகா ஓரடி முன்னால் வந்தாள். "நான் முதல்ல பேசறேனே பெரியம்மா." கேட்ட பிறகுதான் தன் குரல் எவ்வளவு கெஞ்சுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. என்ன பேசுவாள்? போறதுன்னா போ என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வாளா? போனதற்காகத் திட்டுவாளா?

"உனக்கு அவன் இருக்கான். எப்ப வேணா பேசிக்குவே." குனாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்கு ஒரே ஒரு தடவை பேசணும். அவன் குரலை நான் கேட்கணும். என் புள்ளையைக் குடுத்து வாங்கின குரல் எப்படி இருக்குன்னு கேட்கணும்."

போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

மணி அடிப்பது சமையலறை முழுக்கக் கேட்டது. நெவெனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்பாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அப்பா?" என்றது ஒரு குரல்.

தெமெனுகா போனை நோக்கிக் குனிந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்தாள். கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் அவனேதான்.

"அசென்" என்றாள் குனா. "நான் குனா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. அழுகையாக உடைந்துகொண்டிருந்த சிரிப்பு.

"பெரியம்மாவா! குனா பெரியம்மாவா! கடவுளே... அப்பா குடுத்துட்டாரா போனை? என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார் பெரியம்மா, குரல் கேட்டதும் வெச்சுடறார். நீங்க எப்படி இருக்கீங்க? முட்டி வலி தேவலையா? நான் பண்ணினது தப்புதான், எல்லாரையும் அழ வெச்சுட்டேன், எனக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சினான். "வாஸ்கோ எப்படி இருக்கான்? என் மேல பயங்கரக் கோபமா இருப்பான், சொல்லாம வந்துட்டேன்னு. கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு? பக்கத்துல இருந்தா குடுங்க பெரியம்மா, திட்டட்டும், ரெண்டு திட்டு வாங்கிக்கறேன்."

குனா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, சுவரைப் பார்த்து நின்ற ஸ்பாஸின் முதுகைப் பார்த்தாள்.

"இவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"பெரியம்மா?" என்றது போன். "பெரியம்மா, லைன்ல இருக்கீங்களா? வாஸ்கோகிட்ட குடுங்களேன்."